பெயர் வேறு, அட்டை வேறு, ஊருக்குச் சொல்வது வேறு

“டெஸ்ட் எடுத்தா பிள்ளைக்கு ஒரு பேரு ஒட்டிக்கும். எடுக்கலைன்னா நாளைக்கு நம்மளத்தான் சொல்லுவாங்க.” பேச்சு வராத மூன்று வயதுக் குழந்தையோ, மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையோ இருக்கிற வீட்டில், ராத்திரி விளக்கணைத்த பிறகு நடக்கிற பேச்சு இது. பேசிப் பேசியே ஒரு வருடம் ஓடிவிடும். அதற்குள் அம்மாயி வசம்பு உரசி நாக்கில் தடவிப் பார்த்திருப்பார். அப்பாரு “இவங்கப்பனும் நாலு வயசுலதான் வாயைத் தொறந்தான்” என்று வழக்கை முடித்திருப்பார்.

முடிவெடுக்க முடியாமல் போவதற்குக் காரணம், மூன்று முடிவுகளை ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொள்வது. பிள்ளைக்கு என்ன என்று டாக்டரிடம் தெரிந்துகொள்வது ஒன்று. அரசாங்கத்தின் மாற்றுத்திறனாளிச் சான்றும் அட்டையும் வாங்குவது இன்னொன்று. பள்ளி, உறவு, அக்கம்பக்கத்தில் யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது மூன்றாவது. முதலாவதைச் செய்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும் என்றுதான் பயம். வராது. டாக்டர் தரும் ரிப்போர்ட் உங்கள் பையில்தான் இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்காமல் அட்டை வராது, நீங்கள் காட்டாமல் பள்ளிக்குத் தெரியாது. முதலாவதைத் தள்ளிப்போடாதீர்கள், இரண்டாவதை வயதும் தேவையும் பார்த்துச் செய்யுங்கள், மூன்றாவதில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுங்கள் என்பது என் கட்சி.

எப்போது தள்ளிப்போடக் கூடாது? ஒரு வயதாகியும் விரல் நீட்டிக் கேட்காத, டாட்டா காட்டாத குழந்தை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லாத குழந்தை. 2 வயதில் “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரண்டு சொல்லைச் சேர்க்காத குழந்தை. வந்த பேச்சு நின்றுபோன குழந்தை, அது எந்த வயதானாலும். இவர்களுக்கு “பார்க்கலாம்” என்ற சொல்லே கூடாது. தெரபி தொடங்க நோயின் பெயர் தேவையில்லை என்பதையும் பலர் அறிவதில்லை. பேச்சு தாமதம் என்ற ஒரு வரியே போதும், ஸ்பீச் தெரபியும் வீட்டுப் பயிற்சியும் தொடங்கிவிடலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அதாவது நம் ஜி.எச்.சில், குழந்தைகள் பிரிவில் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையம்) எங்கே என்று கேளுங்கள். பிறப்பு முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், மாவட்டத்துக்கு ஒன்று என்று வந்த இலவச மையம் அது.

முதலில் காது. பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காது. இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல் உண்டு. இளம்பிள்ளை, தாரமங்கலம் பக்கம் விசைத்தறிக் கொட்டகையை ஒட்டியே வீடு. பத்து தறி ஓடுகிற சத்தத்தில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவார்கள். அப்புறம் டாக்டர் “பேர் சொன்னா திரும்புறானா?” என்று கேட்கும்போது, அம்மாவுக்கு நிஜமாகவே பதில் தெரியாது. கரண்ட் போய்த் தறி நிற்கிற நேரத்தில் பாருங்கள். குழந்தை எதிலும் மூழ்காமல் இருக்கும்போது, பின்னால் ஆறடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில், பேரை மட்டும். கை தட்டக் கூடாது, நிழல் முன்னால் விழக் கூடாது. வேறு வேறு நேரத்தில் பத்து முறை கூப்பிட்டு எத்தனை முறை திரும்பினான் என்று காலண்டர் தாளில் குறியுங்கள். பிஸ்கட் கவர் சத்தத்துக்கு ஓடி வருகிறானே, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சில சத்தம் கேட்டுச் சில சத்தம் கேட்காத காதும் உண்டு. காது நரம்பு சத்தத்தை வாங்குகிறதா என்று கருவியில் பார்க்கிற பெரா டெஸ்ட்தான் அதைச் சொல்லும்.

ஆட்டிசம், அதாவது பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் வித்தியாசம் காட்டுகிற வளர்ச்சிக் குறைபாடு, இருக்குமோ என்று பார்க்கச் செல்போனில் சுற்றுகிற இருபது கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, எம்-சாட். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு மட்டுமானது. 0 முதல் 2 வரை வந்தால் கவலை குறைவு. 3 முதல் 7 வரை வந்தால் அதே கேள்விகளை விளக்கமாக மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். 8ஓ அதற்கு மேலோ வந்தால் நேரே டாக்டர். இது சலிக்கிற சல்லடை, நோயைச் சொல்கிற கருவி கிடையாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைப் போட்டுப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த நிம்மதிக்கு மதிப்பு இல்லை.

ஆட்டிசம் சான்றுக்கு நம் நாட்டில் பயன்படுகிற அளவுகோல் ஐசா. 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மார்க். 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசு, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். 70ஐத் தொட்டாலே குறைபாடு 40 சதவீதம் என்று கணக்கு. 40 சதவீதத்தில்தான் பெரும்பாலான சலுகைகளின் கதவு திறக்கிறது. இதில் பெற்றோர் தடுக்கி விழுகிற இடம், மார்க் போடும் முறை. அந்தப் பழக்கம் “எப்போதாவது” இருந்தால் 1, “எப்போதும்” இருந்தால் 5. இடையில் உள்ளவை இருபது இருபது சதவீதப் படிகள். “அப்பப்ப பண்ணுவான் சார்” என்ற பதில் 2 ஆகவும் விழும், 3 ஆகவும் விழும். நாற்பது கேள்வியிலும் அப்படி நழுவினால் மொத்தமே வேறு. அதனால்தான் ஒரு வாரம் எண்ணிக் குறித்துக்கொண்டு போகச் சொல்கிறேன். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்கிறவர்களும் உண்டு, அட்டைக்காகக் கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டுமே அடுத்த புதுப்பித்தலில் உதைக்கும்.

படிப்பில் பின்தங்குகிற பிள்ளையின் கதை வேறு. கற்றல் குறைபாட்டுக்கு அரசுச் சான்று 8 வயது நிறைந்த பிறகுதான், அதாவது மூன்றாம் வகுப்பு வாக்கில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு “டிஸ்லெக்ஸியா” (எழுத்துப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) என்று யாராவது எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அந்த வயதில் செய்ய வேண்டியது பயிற்சி. ஆறு மாதம், தினம் இருபது நிமிடம், எழுத்தையும் ஒலியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தும் நகரவில்லை என்றால் அந்தப் பயிற்சி நோட்டே பிறகு சாட்சி.

எதைக் கவனிப்பது? ல, ள, ழ குழப்பம், ர, ற குழப்பம் இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஓடி வராதீர்கள். “மளை பேயுது” என்று பேசுகிற தெருவில் வளரும் பிள்ளை “மழை”யை அப்படித்தான் எழுதும். கொம்பைப் பாருங்கள். “கெ” என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஆனால் ஒலியில் ககரம்தான் முதலில். “கொ”வில் ஒரு குறி இடப்பக்கம், ஒரு குறி வலப்பக்கம். கண்ணுக்கும் காதுக்கும் வரிசை மாறுகிற இந்த இடத்தில் மூன்றாம் வகுப்பு முடிந்தும் பிள்ளை தினமும் முட்டிக்கொண்டு நிற்கிறதா? ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று இடத்தில் மூன்று விதமாகப் படிக்கிறதா? “தண்ணீர்” “தணீர்” ஆகி, அடுத்த வரியில் “தண்ர்” ஆகிறதா? கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதுகிற பிள்ளைக்கு டிக்டேஷன் போட்டுப் பாருங்கள். பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளையிடம் கடைசி வரியில் நடுவில் உள்ள ஒரு சொல்லை விரலால் காட்டி என்னவென்று கேளுங்கள். பல பிள்ளைகள் படிப்பதே இல்லை, அக்கா படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு மூளை எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி.

சேலத்தில் மொழிக் கணக்கையும் போட வேண்டும். வீட்டில் சௌராஷ்டிரம் அல்லது தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். நான்கு வயதில் மூன்றாவது மொழியில் எழுத்துப் படிக்க உட்கார்கிற குழந்தை தடுமாறுவதில் அதிசயம் இல்லை. இரண்டு மூன்று மொழி பேசுவதால் ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ வருவதும் இல்லை. வீட்டு மொழியை நிறுத்தச் சொல்கிற ஆலோசனையைக் கேட்காதீர்கள். ஆனால் டெஸ்ட் எந்த மொழியில் நடந்தது என்பதை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். பள்ளி மாறிய வருடத்திலும், நீண்ட நாள் உடம்பு சரியில்லாமல் இருந்து வந்த பிறகும், வீட்டில் ஒரு சாவு நடந்த கையோடும் டெஸ்ட் வேண்டாம். கண்ணாடி தேவையா என்று பார்த்துவிட்டுப் போங்கள். வகுப்பில் சில நொடி உறைந்து நிற்கிற பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வாயைத் திறந்து குறட்டை விடுகிற பிள்ளையின் கவனக்குறைவுக்கு மூக்குச் சதை காரணமாக இருக்கலாம்.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு பள்ளம். 2018இல் வந்த சான்று விதிமுறைப்படி கற்றல் குறைபாட்டுக்கான சோதனைக்கு ஐ.க்யூ. 85க்கு மேல் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அறிவுசார் குறைபாடு என்பது 70க்குக் கீழே. நடுவில் 70 முதல் 84 வரை உள்ள பிள்ளைக்கு எல்லைக்கோடு என்று பெயர். குறைபாட்டுச் சதவீதம் 40ஐத் தொடாது. எழுதப் படிக்கத் திணறும், ஆனால் எந்தக் கட்டத்திலும் அடங்காது. இந்த ரிப்போர்ட்டோடு அட்டைக்கு அலைந்து பயனில்லை. ரிப்போர்ட்டை வைத்துச் சிறப்பு ஆசிரியரிடம் பயிற்சித் திட்டம் போடுங்கள். பத்தாம் வகுப்பு ஒரே மூச்சில் முடியாது என்று தெரிந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பாடங்களைப் பிரித்து எழுதலாம், ஐந்து வருடம் வரை அவகாசம். முக்கியமாக, அந்த ஒற்றை எண்ணை நம்பும் முன் பிள்ளை அன்றைக்கு எப்படி இருந்தது என்று யோசியுங்கள்.

ஏனென்றால் டெஸ்ட் நாள் என்பது தனிப் பாடம். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. காலையில் வெறும் வயிற்றில் பஸ் ஏற்றி, பத்தாவது வளைவில் வாந்தி எடுத்து, பதினொரு மணிக்கு வரிசையில் நின்று, மதியம் ஒன்றரைக்கு ஐ.க்யூ. டெஸ்ட்டுக்கு உட்கார வைத்தால் அந்த எண் பிள்ளையின் எண் அன்று, மலைப்பாதையின் எண். முடிந்தால் முந்தின நாளே இறங்கிச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள், காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரா டெஸ்ட்டுக்கு இதற்கு நேர் எதிர். அது தூக்கத்தில் எடுப்பது. பஸ்ஸில் தூங்கிவிட்டால் ஆஸ்பத்திரியில் கண் கொட்டக் கொட்ட விழித்திருக்கும், வேறொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு வழியெல்லாம் பாட்டுப் பாடியாவது முழிக்க வையுங்கள், வந்து சேர்ந்த பிறகு பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். சளி பிடித்த வாரத்தில் இரண்டு டெஸ்ட்டும் வேண்டாம்.

பையில் என்ன எடுத்துப் போவது? பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, ஸ்கேன் எடுத்திருந்தால் அது. பள்ளியிலிருந்து ரேங்க் கார்டை விட ரஃப் நோட்டு முக்கியம். பேர் நோட்டில் அம்மா அழித்து எழுதிக் கொடுத்திருப்பார், ரஃப் நோட்டு பொய் சொல்லாது. போனில் இரண்டு நிமிட வீடியோ நாலு: தனியாக விளையாடுவது, மற்ற பிள்ளைகளோடு இருப்பது, சாப்பிடுவது, அடம் பிடிப்பது. டாக்டர் அறையில் பத்து நிமிடம் பொம்மை மாதிரி உட்கார்ந்துவிட்டு வெளியே வந்ததும் கட்டிடத்தையே புரட்டிப் போடுகிற பிள்ளைகள் உண்டு.

ரிப்போர்ட் கையில் வந்ததும் அங்கேயே படியுங்கள். டெஸ்ட்டின் பெயர், தேதி, அன்றைக்குப் பிள்ளையின் வயது, மொழி, ஒவ்வொரு பகுதியின் மார்க், செய்தவரின் பெயரும் மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சிறப்பு ஆசிரியர், ஸ்பீச் தெரபிஸ்ட் எல்லோருக்கும் அந்தப் பதிவு உண்டு. “ஆட்டிஸ்டிக் ஃபீச்சர்ஸ், தெரபி அட்வைஸ்ட்” என்ற ஒற்றை வரிக்குக் கட்டிய காசு வீண். சந்தேகம் இருந்தால் சென்னை முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். டயக்னோசிஸ் சொன்ன அதே வாயால் ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் பேக்கேஜ் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லியாயிற்று.

அட்டைக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகைகள். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு மூன்றும் உண்டு. கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்புமான ஏ.டி.எச்.டி. கிடையாது. ஆகவே “ஹைப்பர்” பிள்ளைக்கு அட்டை வாங்கலாமா என்ற கேள்வியே எழாது, கூடவே கற்றல் குறைபாடு இருந்தால் மட்டும் அதற்கு வாங்கலாம். அந்தப் பெயரை வைப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்பது அறிகுறியில் ஆறு, ஆறு மாதத்துக்கு மேல், 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் ஆடுகிற பிள்ளை என்றால் முதலில் பள்ளியைப் பாருங்கள்.

யு.டி.ஐ.டி. அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு, ஆன்லைனில் விண்ணப்பம். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று போதும். பிறகு மருத்துவமனையில் பரிசோதனை, சதவீதம், சான்று. ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலும் பிறப்புச் சான்றில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இனிஷியல் முன்னால், பின்னால் என்று மாறி நின்றுபோன விண்ணப்பங்கள் ஏராளம். “ஒருதரம் வாங்கினா ஆயுசுக்கும் ஒட்டிக்கும்” என்ற பயத்துக்கு நேரான பதில்: சின்னப் பிள்ளைகளுக்குத் தருவது காலவரையுள்ள சான்று. கற்றல் குறைபாட்டுச் சான்றை 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி எடுக்க வேண்டும். தேவையில்லை என்றால் புதுப்பிக்காமல் விடலாம். பீரோவில் வைத்திருந்து யாரிடமும் காட்டாமலும் இருக்கலாம். தங்கச்சி கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் அரசுத் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு வருவதில்லை.

என்ன கிடைக்கும்? அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித் தொகை 2,000 ரூபாய், கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக. ஆட்டிசத்துக்கும் அறிவுசார் குறைபாட்டுக்கும் நிராமயா காப்பீடு, ஒரு லட்சம் வரை. பழைய முறையில் வருமான வரி கட்டுகிற பெற்றோருக்கு 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. உயர்கல்வியில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீதம். தீவிரமாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு 18 வயதானதும் நீங்கள் தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் கேட்டு வாங்க வேண்டும், அங்கே சான்று இல்லாமல் நடக்காது.

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குச் சான்றின் பெரிய பயன் பத்தாம் வகுப்பில். மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு. சி.பி.எஸ்.இ.யில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்காதீர்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்கு இங்கிலீஷ் பாடத்தை விலக்கினாலும் அறிவியலையும் சமூக அறிவியலையும் இங்கிலீஷில்தானே எழுத வேண்டும்? சொல்வதை எழுதுபவரும் அப்படியே. வாயால் விடை சொல்லிப் பழகாத பிள்ளை, முன்பின் தெரியாத ஆள் பேனாவோடு எதிரில் உட்கார்ந்ததும் ஊமையாகிவிடும். “கேள்வி எண் 14, புதுப் பத்தி, அடைப்புக்குறிக்குள் எக்ஸ் கூட்டல் ரெண்டு” என்று சொல்கிற பழக்கம் ஒன்பதாம் வகுப்புக் காலாண்டிலேயே தொடங்க வேண்டும். சில பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் மட்டுமே போதும், எழுதுபவர் இடைஞ்சல்.

பள்ளிக்குச் சொல்வதில் ஒரு வழி இருக்கிறது. ரிப்போர்ட்டின் எட்டுப் பக்கத்தையும் கொடுக்காதீர்கள். ஒரு பக்கக் கடிதம், பெயரை விட வேலையை எழுதுங்கள்: முன் பெஞ்ச், பலகையில் இருப்பதில் பாதி எழுதினால் போதும், வகுப்பு முன்னால் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டாம், வாரம் ஒரு வாய்மொழித் தேர்வு. தலைமையாசிரியரிடம் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வேன் டிரைவருக்கு ஆட்டிசம் என்ற சொல் தேவையில்லை. “கதவு திறந்தா இறங்கி ஓடிருவான், கடைசியா கையைப் பிடிச்சு இறக்குங்க” என்பது கட்டாயம் தேவை. “ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்களேன்” என்று பள்ளி நைசாகச் சொன்னால், அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்பது 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு என்று எழுத்தில் பதில் கேளுங்கள். வாயால் சொன்னதை எழுத்தில் தரப் பெரும்பாலும் தயங்குவார்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளையிடம்? எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை ஏற்கெனவே தன்னை “மக்கு” என்று முடிவு செய்திருக்கும். “உனக்குக் கணக்கு வாயால வருது, எழுத்து மட்டும் மெதுவா வருது, அதுக்கு ஒரு டீச்சர் இருக்காங்க” என்ற அளவு போதும். எதிரில் வைத்துக்கொண்டு போனில் பெரியம்மாவிடம் முழுக் கதையும் சொல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு ஃபைல் வாங்கிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் உறை வைத்தது. ரிப்போர்ட் ஒரு உறை, சான்று ஒரு உறை, பள்ளிக் கடித நகல் ஒரு உறை. ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ், போனில் ஒரு போட்டோ. சான்றின் ஜெராக்ஸ் மேல் சிவப்பு மையில் புதுப்பிக்க வேண்டிய மாதத்தை எழுதுங்கள். 14 வயது முடிவது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில். தேர்வுச் சலுகைக்குப் பள்ளி விண்ணப்பம் கேட்கிற மாதத்தில் பழைய சான்றோடு போய் நிற்கிறவர்கள்தான் ஜி.எச். வரிசையில் அதிகம்.